வாங்கலாமா, காத்திருக்கலாமா

இல்ல சார், உட்கார வரல. காலைல போன் பண்ணீங்கல்ல, பழைய மாடல்ல கடைசி பொம்மை ரயில் என்ஜின் இது ஒண்ணுதான் கடையில இருக்கு, இன்னொருத்தர் கேட்டு உயிரை எடுக்கறார், டாக்டரை இன்னிக்குள்ள ஒரு முடிவு சொல்லச் சொல்லுங்கன்னு. அந்த போனை எடுத்தது நான்தான். டாக்டரம்மான்னு எல்லாம் கூப்பிடாதீங்க. அவர்தான் பல் டாக்டர். நான் அவருக்கு இருபத்தேழு வருஷமா சமைச்சுப் போடறவ.

அவர் வரமாட்டார் சார். நாலு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக். வலது பக்கம் மொத்தமா போச்சு, பேச்சும் போச்சு. ஐயோன்னு வாயைப் பிளந்துக்கிட்டு நிக்காதீங்க, கையில இருக்கிற டப்பா விழுந்துடப் போகுது. மேஜை மேல வைங்க முதல்ல. ம்.

ஆமாம், ஒரு வார்த்தை வராது. காது நல்லா கேக்குது. புத்தி அப்படியே இருக்கு, ஒரு இழை குறையல. இடது கையில கட்டைவிரல் மட்டும் ஆடும். ஆமாம்னா தூக்குவார், இல்லைன்னா சும்மா கிடப்பார். எங்க வீட்டுல இப்ப சத்தமே கிடையாது. பக்கத்து வீட்டு டிவியில யார் யாரைத் திட்டறாங்கன்னுகூட எனக்குத் தெளிவா கேக்குது.

தங்கமான மனுஷரா? சொல்லுங்க, சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த அத்தனை பேரும் இதைத்தான் சொன்னாங்க. டாக்டர் கை பூ மாதிரி, பல்லைப் பிடுங்கினதே தெரியலம்மான்னு ஒரு அம்மா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. பூதான் சார். அந்தப் பூ என் காதுல விழுந்தா மூணு நாளைக்கு உள்ள வண்டு கத்தும். இந்தப் பக்கக் காது இப்பவும் பாதிதான். அதனால நீங்க கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து பேசுங்க.

சிரிக்கறதா வேண்டாமான்னு முழிக்கிறீங்க. சிரிங்க, தப்பில்ல.

என் முன்பல்லைப் பாருங்க. கிட்ட வந்து பாருங்க சார், என்ன வெட்கம், உங்க வயசுக்கு. வித்தியாசம் தெரியுதா? தெரியாது. அது அவர் கட்டின பல்லு. உடைச்சதும் அவர்தான். பாத்திரம் கழுவிட்டு இருந்தேன், பின்னாடி வந்து முடியைப் பிடிச்சு குழாய்லயே ஒரு மோது. ஒரே மோதுதான். உடைக்க ஒரு செகண்டு, கட்டறதுக்கு மூணு ஞாயித்துக்கிழமை. நர்ஸ் இல்லாத நாளா பார்த்து கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போய், துண்டு துண்டா கலரை என் உதட்டுகிட்ட பிடிச்சுப் பிடிச்சு, பக்கத்துப் பல்லோட ஒத்துப்போற நிறம் கிடைக்கிற வரைக்கும் விடல. வாயைத் திறம்மா, இன்னும் கொஞ்சம், வலிச்சா சொல்லுன்னு அப்படி ஒரு மரியாதை. வலிக்குதான்னு அவர் என்னைக் கேட்டது அந்த நாற்காலியில மட்டும்தான்.

அழகாத்தான் கட்டியிருக்கார். நான் இல்லைங்கலயே. வேலை தெரிஞ்ச மனுஷன்.

உங்ககிட்ட வாங்கின ரயில் எல்லாம் மாடி ரூம்ல ஓடுது. நீங்க போட்டோவுல பார்த்திருப்பீங்க. ரூமை அடைச்சு ஒரு மேஜை, மேல மலை, ஆறு, ஸ்டேஷன், கட்டைவிரல் உசரத்துக்கு ஜனங்க. மலையெல்லாம் பல் அச்சு எடுக்கிற மாவுல செஞ்சது, அது தெரியுமா? மலையில புல்லு ஒட்டினது பல்லு சுரண்டற கம்பியால. ஒவ்வொரு புல்லா. அவ்வளவு பொறுமை. நான் சட்டையில ஒரு பட்டன் விட்டுட்டா அந்தப் பொறுமை எங்க போச்சோ தெரியாது. இஸ்திரிப் பெட்டி பறந்திருக்கு, குக்கர் மூடி பறந்திருக்கு, ஒரு தடவை நாற்காலியே பறந்தது. ரயில் என்ஜின் மட்டும் ஒரு நாளும் பறந்ததில்ல. எங்க வீட்டுல அதுக்கு ஒண்ணுக்குத்தான் மரியாதை.

ஏன் விட்டுட்டுப் போகலையா? நல்ல கேள்வி. உங்களுக்கு முன்னாடி ஒரு பத்துப் பேர் கேட்டிருக்காங்க, ஒருத்தராவது எங்க போகணும்னு சொன்னாங்களான்னா இல்ல. நீங்க சொல்றீங்களா? இல்லல்ல. அப்ப விஷயத்துக்கு வாங்க.

இதுதானா அந்த என்ஜின்? கொடுங்க பார்ப்போம். அடேயப்பா, என்ன கனம். முழுக்க இரும்பா? அதனாலதான் எட்டுப் பெட்டி இழுக்கும்னாரா. புதுசு எப்படி? பிளாஸ்டிக். ஆனா நிஜ என்ஜின் மாதிரியே ஊதும், புகை விடும், விளக்கு எரியும். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு சார். மூணு வருஷமா வீட்டுல இதே பேச்சு. பழசை இப்பவே வாங்கினா அடுத்த மாசமே புதுசு வந்துடுமோ. புதுசுக்குக் காத்திருந்தா பழசும் தீர்ந்து போயிடுமோ. நீங்களும் மூணு தடவை தேதி மாத்திட்டீங்க. கம்பெனிக்காரன் மாத்தினான்னு சொல்வீங்க. யாரு மாத்தினா என்ன, அடி வாங்கினது நான்.

புரியலையா? சொல்றேன், குறுக்க பேசாதீங்க.

ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்சதும் கூப்பிடுவார். கையில உங்க கேட்டலாக் இருக்கும். நீ என்ன சொல்றே, வாங்கலாமா, காத்திருக்கலாமாம்பார். நல்லாத்தான் ஆரம்பிப்பார், சிரிச்ச முகமா. முதல் தடவை நான் என்னத்தைக் கண்டேன், கான்வென்ட்ல படிச்சவ, கேள்வி கேட்டா நிமிர்ந்து நின்னு முழு வாக்கியத்துல பதில் சொல்லணும்னு சிஸ்டர்ஸ் அடிச்சு வளர்த்திருக்காங்க. இருக்கிறதை வாங்கிடலாம்னேன். ஓ, புதுசு வந்தப்புறம் நான் முட்டாள் மாதிரி பழசை வச்சுக்கிட்டு நிக்கணுமான்னு விட்டார் ஒண்ணு. அடுத்த வாரம் காத்திருக்கலாம்னேன். நான் ஆசைப்பட்டது எதுவும் என் கைக்கு வரக்கூடாது, அதானேன்னு அடிவயித்துல உதைச்சார். சரி, மூணாவது வாரம் புத்திசாலித்தனமா உங்க இஷ்டம்னேன். அதுக்குத்தான் சார் பலமா விழுந்துச்சு. என் சந்தோஷத்துல உனக்கு அக்கறையே கிடையாதுன்னு சொல்லிச் சொல்லி அடிச்சார். பெல்ட்டால. எண்ணிக்கிட்டே இருந்தேன், பதினாலுக்கு மேல எனக்கு நினைவில்ல.

மூணே பதில்தான் சார் உலகத்துல. மூணுக்கும் அடி. அப்புறம் எந்த வாரம் எந்தப் பதிலுக்கு அடி கம்மின்னு பார்த்துப் பார்த்துச் சொல்ல ஆரம்பிச்சேன். முதுகுப் பக்கம் காயம் இருந்தா வாங்கலாம்பேன், அது கன்னத்தோட போயிடும். காது வலிக்குதுன்னா காத்திருக்கலாம்.

தண்ணியா? வேண்டாம். நீங்க குடிங்க, உங்களுக்குத்தான் முகம் வெளுத்துப் போச்சு.

பொண்ணு இருக்கா. ஒரே பொண்ணு. வெளியூர்ல வேலை பார்க்கறா, போன்ல என்கிட்ட மட்டும்தான் பேசுவா. அவளுக்கு ஒன்பது வயசு இருக்கும்போது மேலே போய் ஒரு பெட்டியைத் தொட்டுட்டா. தண்டவாளத்தை விட்டு இறங்கிடுச்சு, அவ்வளவுதான், உடையக்கூட இல்ல. கையை மேஜை டிராயர்ல வைன்னார். வச்சா. குழந்தை சார், அப்பா வைக்கச் சொன்னா வைக்கத்தானே செய்யும். டிராயரை மூடினார். வேகமா அடிச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். மெதுவா மூடினார். நான் போய் அவர் தோளைக் கடிச்சேன், சதை வாயோட வந்துச்சு, அப்பவும் விடல. மூணு விரல். அந்த விரல் இன்னிக்கும் மழைக்காலத்துல மடங்காது. ராத்திரி அவரே ஐஸ்குச்சி வச்சுக் கட்டுப் போட்டார். கட்டும் நல்லாத்தான் போட்டார், அதுல குறை சொல்ல முடியாது.

நேத்து அவகிட்ட சொன்னேன், அப்பாவுக்கு இன்னொரு தடவை வந்தா தாங்காதாம், ஆறு மாசமோ எட்டு மாசமோன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்கன்னு.  நீ சாப்பிட்டியாம்மான்னு கேட்டா.

அதனாலதான் நீங்க சொல்றீங்க, புதுசு அடுத்த வருஷக் கடைசியிலதான் வரும், அது வரைக்கும் அவர் இருக்கணுமே, இதையே எடுத்துக்கிட்டுப் போங்கன்னு. கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பலகையில வட்டமா தண்டவாளம் போட்டு, கன்ட்ரோலரை இடது கைக்குக் கீழ வச்சா கட்டைவிரலால திருப்பி ஓட்டலாம்னு. நல்ல யோசனை. விலைகூட வேண்டாமா? உங்களுக்கு நிஜமாவே நல்ல மனசு சார். கேலி பண்ணல.

அவரும் அதைத்தான் கேக்கறார்.

ஆமாம், காலைல உங்க போனை வச்சுட்டு நேரா அவர் கட்டில்கிட்ட போனேன். மெத்தையில உட்கார்ந்தேன். என்ன சொல்றீங்க, வாங்கலாமா, காத்திருக்கலாமான்னேன். அப்படியே பார்த்தார். வாங்கலாமான்னேன். விரல் தூக்கினார். காத்திருக்கலாமான்னேன். சும்மா கிடந்தார். மறுபடி வாங்கலாமான்னேன், விரல் படபடன்னு அடிச்சுக்கிச்சு. மூணு வருஷமா முடிவெடுக்கத் தெரியாத மனுஷன், ஒரு நிமிஷத்துல முடிவெடுத்துட்டார். கண்ணுல தண்ணி வேற. துடைச்சுவிட்டேன். சரி, போய்க் கேட்டுட்டு வரேன்னு புடவை மாத்திட்டுக் கிளம்பினேன்.

எப்படி விழுந்தாரா? மாடியிலதான். ஞாயித்துக்கிழமை. டீ கொண்டு போனேன், ரெண்டு கப். ரயில் ஓடிட்டு இருந்துச்சு. கேட்டலாக்கை எடுத்தார், கேட்டார். அன்னிக்கு எனக்கு எந்த இடத்துல வலின்னு யோசிக்காம இருந்துட்டேன், உங்க இஷ்டம்னு வாய் தவறி வந்துடுச்சு. முதல் அடியில ஒரு கப் சுவத்துல போய் உடைஞ்சுது. கண்ணை மூடிக்கிட்டேன். ரெண்டாவது வரணும். வரல. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன், வரல. திறந்து பார்த்தா கீழ கிடக்கார், வாய் ஒரு பக்கமா கோணிக்கிட்டு, கண்ணு மட்டும் என் மேல.

ஆமாம், ஆஸ்பத்திரியிலயும் கேட்டாங்க, எத்தனை மணிக்கும்மா விழுந்தார், நேரம் ரொம்ப முக்கியம், சீக்கிரம் கொண்டு வந்திருந்தா பேச்சையாவது காப்பாத்தியிருக்கலாம்னு. நாலரைக்குன்னேன். குளிச்சிட்டு இருந்தேன், வந்து பார்த்தா இப்படிக் கிடந்தார்னேன்.

மூணு மணி சார்.

மிச்சம் ஒரு கப் டீ இருந்துச்சே, அதைக் குடிச்சேன். அவர் நாற்காலியில உட்கார்ந்து. ரயிலை நிறுத்த எனக்குத் தெரியாது, அது பாட்டுக்கு மலைக்குள்ள போய் வெளிய வந்து, போய் வெளிய வந்து. நல்லாத்தான் இருந்துச்சு பார்க்க. இத்தனை வருஷத்துல நான் அதை முழுசா பார்த்ததே இல்ல. நடுவுல ஏதோ சொல்ல வந்தார். தொண்டைக்குள்ள கொரகொரன்னு. என்னங்க, கொஞ்சம் இருங்கன்னேன்.

கதவைப் பார்க்காதீங்க, யாரும் வரல. நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. தங்கமான மனுஷரோட பெண்டாட்டி, துக்கத்துல ஏதோ உளறினான்னுதான் சொல்வாங்க.

இந்தாங்க, உங்க என்ஜின். இன்னொருத்தர் கேக்கறார்னீங்களே, அவருக்கே கொடுத்துடுங்க, பாவம், அவராவது ஓட்டட்டும். எங்களுக்குப் புதுசுக்கே எழுதிக்கோங்க. ஆமாம், அடுத்த வருஷக் கடைசின்னு தெரிஞ்சுதான் சொல்றேன். ரசீதை டாக்டர் பேர்லயே போடுங்க. அவர்கிட்ட அடுத்த வாரம் வந்துடும்னு சொல்லிக்கறேன். ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கறேன்.

அப்புறம் அந்தக் கேட்டலாக்ல புது என்ஜின் படம் பெரிசா போட்டிருக்கானே, அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சுக் கொடுங்க சார். ஓரம் கிழியாம. கட்டிலுக்கு எதிர்ச் சுவத்துல ஒட்டணும்.