மூன்றாவது பூச்சுக்குக் கீழே

— விடு ராணி, கைய நோவடிச்சுக்காத. உன் புருஷன் அடிச்ச சாயமாச்சே, அப்பளம் மாதிரி தானா கழண்டு வரும் பாரு.

— பெருமையப் பாரு! மூணு தரம் நீங்க அடிச்ச மூணும் ஒரே இழுப்புல வருது. போன தீபாவளி வெள்ள, அதுக்கு முந்தின பச்ச, அதுக்கும் அடியில சிவப்பு. அடுத்த வாரம் லோஷினி கல்யாணத்துக்கு வர்றவங்க இந்த வாசக்கதவத்தான் மொதல்ல பாப்பாங்க.

— மினுக்குற சாயத்து மேல மினுக்குற சாயம் ஒட்டாது, தேச்சிட்டு அடிங்க மாமான்னு உன் தம்பி மூர்த்தி நாம சிங்கப்பூர் போறதுக்கு முன்னயே சொன்னான் லா.

— அவன் பேச்ச எடுக்காதீங்க.

— எத்தன வருஷத்துக்கு? தாய்மாமன் இல்லாமயா நம்ம பொண்ணு மணவறை ஏறணும்?

— ஏறட்டும். கொரோனால காஸ்வே பாலத்த மூடி, வீடு திரும்ப முடியாம ரெண்டு வருஷம் நாம சிங்கப்பூர்ல கெடந்து அழுதப்ப, சாவி அவன்கிட்டதான இருந்துச்சு? தீபாவளிக்கு வீட்ட ஒரு எட்டுப் பாத்துட்டு வாடான்னு கெஞ்சுனேன். அரை மணி தூரம், தெப்ராவ்ல இருந்து இந்த ஸ்கூடாய் வர அவனுக்குக் கால் வரல. பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மாவே சொன்னாங்க, ஈ காக்கா எட்டிப் பாக்கலன்னு.

— சரி சரி, சுரண்டு... அலமாக்! இங்க வாயேன்.

— என்னங்க?

— சிவப்புக்குக் கீழ இந்தக் காப்பிக் கலரு அசைய மாட்டேங்குது. சுரண்டிதான் மழுங்குது.

— நாம போறதுக்கு முன்ன நீங்க அடிச்சதுதான அது.

— நான் அடிச்சது இப்படி நிக்குமா? ஈரத்துணியால தொடச்சிட்டுப் பாரு.

— அம்மாடி! என் மூக்குத்தி தெரியுதுங்க. பிரஷ் தடம் ஒண்ணுகூட இல்ல!

— இரு, இந்த மூலையத் தேச்சுப் பாக்குறேன்... அடியில சாம்பல் கலரு. அண்டர்கோட், சாயத்துக்கு முன்ன போடுற அடிப்பூச்சு.

— நீங்க எந்தக் காலத்துல அண்டர்கோட் போட்டீங்க?

— அதான! இன்னும் தேய்க்கிறேன்... சாம்பலுக்குக் கீழ மறுபடியும் காப்பிக் கலரு. இதுதான் என்னோடது. இதைத் தேச்சிருக்க அழகப் பாரு. கீறல் எல்லாம் மரம் ஓடுற வாக்குலயே. நாள் பூரா உக்காந்து தேச்சிருக்கான்.

— யாரு?

— தெரியாத மாதிரி கேளு. நாம விட்டுட்டுப் போன அதே கலரத் தேடி வாங்கியிருக்கான்.

— அப்ப கிருஷ்ணம்மா சொன்னது?

— கிருஷ்ணம்மா அந்தத் தீபாவளிக்கு ஊரடங்குல குளுவாங்ல மக வீட்ல மாட்டிக்கிட்டாங்க லா!

— திரும்பி வந்தப்ப நம்ம கண்ணுல படலியேங்க...

— எங்க படும்? கதவு பூரா தூசி. பீடை போகட்டும்னு மறுநாளே சிவப்ப அடிக்கச் சொன்ன. தொடைக்காம அது மேலயே அடிச்சேன். கோயில்ல நிக்கிற மாதிரி இருக்கு ராணி. மூணு தரம் நான் கெடுத்தும் இதுக்கு ஒரு கீறல் விழல.

— நான் தட்டு எடுத்து வைக்கிறேன். வண்டிய எடுங்க. பத்திரிகைய அவன் கையில குடுக்கணும்.

— இப்பவேவா? கையெல்லாம் சாயத்தூளு.

— இருக்கட்டும்.

— ஆனாலும் அந்தப் பய வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னான். நீங்க சிவப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தப்ப வந்தான். இந்த வாசல்ல நின்னு, "கதவத் தொட்டுப் பாருக்கா"ன்னான். நான் தொட்டுப் பாக்கல. அவன் மூஞ்சிக்கு நேரா சாத்துனேன்.