நாலு மெழுகுத்திரியும் பிள்ளைக் காம்பராவும்

தலைமையேற்று வீற்றிருக்கும் மாதர் சங்கத் தலைவி சண்முகவடிவு அம்மா அவர்களே! எங்களையெல்லாம் துணி ஏணையில் போட்டு ஆட்டிய கையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ராக்காயி ஆயா அவர்களே! பெரியோர்களே! கொழுந்துக் கூடை இறக்கிய தோளோடு வந்திருக்கும் தாய்மார்களே! லோஜனின் அம்மா பிரேமினியின் பணிவான கும்பிடு.

வாழ்த்திப் பேசத்தான் என்னை மேடை ஏற்றினீர்கள். நாளை முதல், கொழுந்து பறிக்கப் போகையில் நாம் பிள்ளைகளை விட்டுப்போகும் நம் பிள்ளைக் காம்பராவில் நாலு மெழுகுத்திரி கொளுத்தி, மேலே பூச்சட்டியைக் கவிழ்த்து, ஜன்னலையும் கூரை இடுக்கையும் சாக்கால் அடைத்தால் பிள்ளைகளுக்குக் குளிராது என்கிறார் தம்பி யோகேஸ்வரன். போனில் வீடியோவும் காட்டினார். ஆனால் என் மகனுக்கு இழுப்பு. அவன் நெஞ்சு விசிலடிப்பதைக் கேட்டபடி கணக்குப் போட்டேன். கணக்கு வாழ்த்த மறுக்கிறது!

ஒரு மெழுகுத்திரி தரும் சூடு எவ்வளவு? பல்புக் கணக்கில் ஏறக்குறைய எண்பது வோட்ஸ். சும்மா உட்கார்ந்திருக்கும் மனுசர் உடம்பு தருவது? நூறு! அப்படியானால் நாலு திரியும் யார்? முன்வரிசையில் இருக்கும் மூன்று அக்காமார்!

"அப்ப நாங்க போய் உக்காந்தா போதுமா புள்ள?" என்கிறார் ஆயா. போதாது ஆயா! காம்பராவோ பெரிசு, கூரை இடுக்கோ கை நுழையும் அகலம். ரெண்டு பாகை சூடு ஏறினாலே அதிசயம்.

"சட்டிதாங்க்கா சூட்டப் பெருக்குது!"

தம்பி, சட்டி சூட்டைப் பெற்றெடுக்காது. திரி கொடுத்ததை வாங்கித் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். எல்லா இடுக்கையும் அடைத்தால் சூடு தங்கும். கூடவே புகையும் தங்கும். அதை இழுக்கப்போவது யார் நெஞ்சு? என் லோஜனின் நெஞ்சு!

"அந்தக் காலத்துல இதே காம்பராதானே, குளிரலையே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆமாம், குளிரவில்லை! நினைவிருக்கிறதா? ஏணைக்கு ஏணை இடிக்கும். ஒரு பிள்ளை உதைத்தால் பக்கத்துப் பிள்ளை ஆடும். பால்பொடி கரைத்த மாப்பால் வாசம், ஈரத்துணி வாசம், என் தம்பிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து ஓடிவரும் அம்மா இடுப்பில் கட்டிய படங்கில் கொழுந்து வாசம். அந்த மூச்சுக் காற்றுக்குள் தூங்கிய தூக்கம் அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

முப்பது பிள்ளைகள் இருந்தோம். பிள்ளைக்கு அரைத் திரி என்றாலும், பதினைந்து மெழுகுத்திரியாய் அணையாமல் எரிந்தோம்! இன்று? பாதிச் சனம் கொழும்பில். மிஞ்சியது ஆறே பிள்ளைகள். அந்த ஆறு ஏணைகளையும் கொரோனா காலத்தில் தள்ளித் தள்ளிக் கட்டினோம். இன்னும் அவிழ்க்க மறந்திருக்கிறோம். குளிர் கூடவில்லை, தாய்மார்களே! நாம் குறைந்தோம், விலகினோம்.

சாக்கை ஜன்னலில் அடிக்காதீர்கள். காற்று வரட்டும்! ஒரு மூலையில், தலைக்கு மேலே அதைத் தாழ்ந்த கூரைபோல் கட்டுங்கள். அதன் கீழே ஆறு ஏணைகளையும் நெருக்குங்கள். பிள்ளைகளின் சூடு பிள்ளைகளுக்கே தங்கும். இல்லை, மெழுகுத்திரிதான் என்றால், நாளை என் பிள்ளை அங்கே வரமாட்டான். உங்கள் பிள்ளைகளையும் விடாதீர்கள் என்று வாசலில் நின்று கெஞ்சுவேன்.

"வாசல்ல ஏன் நிக்கிற? மூலையில சாக்கக் கட்டுவோம், யாராச்சும் ஏணியக் கொண்டாங்க!"

தலைவி அம்மாவே சொல்லிவிட்டார்கள்! தம்பி யோகேஸ்வரன் சுத்தியலோடு எழுந்துவிட்டார். இனி இந்த மேடையில் எனக்கென்ன வேலை? பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, கும்பிடு. ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும், நான் இறங்குகிறேன்.