அம்மா சொல்லாத பின்பாதி

ஓடுகிறேன். தம்பியின் கை என் கையில். கஞ்சிப் பாத்திரம் அவன் கையில். பாதி சிந்திவிட்டது. மணல் காலை இழுக்கிறது.

டும். தூரத்தில். அது ஷெல் புறப்படும் சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு ஊளை. ஊளை நீண்டால் நம்மைத் தாண்டிப் போகிறது. சட்டென்று நின்றால் நமக்கு. இதை அந்தக் கடற்கரையில் எல்லாப் பிள்ளைகளும் அறிந்திருந்தோம்.

"படு! படு!"

படுக்கிறோம். எழுகிறோம். எங்கள் பங்கர் தெரிகிறது. பதுங்குகுழியை அப்படித்தான் சொல்வோம். அதன் வாயில் சூசை மாமாவின் தலை. எங்களுக்குப் பின்னால் அம்மா, தண்ணீர்க் கேனை வீசிவிட்டு ஓடி வருகிறார்.

"நிரம்பீட்டுது! இடமில்லை! அங்கால ஓடுங்கோ!"

மாமா ஒரு மண் மூட்டையை இழுத்து வாயை அடைக்கிறார்.

ஊளை நின்றது.

2009 ஏப்ரல். மாத்தளன். தேதி எனக்குத் தெரியாது. பெரிய வியாழனுக்கு முந்தின நாள் என்பது அம்மாவின் கணக்கு. காலை. வெயில் ஏறவில்லை. எனக்குப் பத்து வயது, தம்பி யூட்டுக்கு ஆறு. விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. காது அடைத்துவிட்டது. அம்மாவின் வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. யூட்டின் கை என் கையிலேயே இருந்தது. சூடாகத்தான் இருந்தது.

அது எங்களுடைய பங்கரும்தான். அப்பா பெப்ரவரியில், சுதந்திரபுரத்தில் இறந்துபோனார். பிறகு அம்மாவும் பக்கத்துத் தறப்பாள் கூடாரத்துச் சூசை மாமாவும் சேர்ந்து வெட்டினார்கள். பனங்குற்றிகளை மாமா சுமந்து வந்தார். மூட்டைகளை அம்மா தன் சேலைகளைக் கிழித்துத் தைத்தார். அன்று வாயை அடைத்த மூட்டை அம்மாவின் கல்யாணக் கூறை. கருஞ்சிவப்பு. கரை முழுவதும் ஜரிகை.

இதை நான் எழுதுவது பெரம்பலூரிலிருந்து. இலங்கைத் தமிழர் முகாமில் அம்மாவும் நானும் இருக்கிறோம். படகில் வந்தோம். நான் சிவில் டிப்ளமா முடித்தேன். பாலக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கட்டட ஆபீசில் வரைபடம் போடுகிறேன். சில நாள் அரியலூர்ப் பக்கம் வேலை. அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். முதலில் சங்கு. பிறகு நிலம் அதிரும். நான் குனிவதில்லை. பக்கத்தில் நிற்பவர்களை எண்ணுகிறேன். எண்ணி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து பேசுகிறேன்.

சூசை மாமாவும் இதே முகாமுக்குத்தான் வந்து சேர்ந்தார். பெயின்ட் வேலை செய்கிறார். அவருடைய மனைவி மேரி மாமி அதே கடற்கரையில், யூட் செத்த அடுத்த மாதம் போனார். அம்மா அவரோடு பேசியதில்லை. சண்டை போட்டதுமில்லை. குழாயடியில் அவர் நின்றால் அம்மா வெறுங்குடத்தோடு திரும்பிவிடுவார்.

எங்கள் வீட்டில் தினமும் செபமாலை உண்டு. ஒருவர் முன்சொல்வார். மற்றவர்கள் பின்சொல்வார்கள். பரலோக மந்திரமும் அப்படி இரண்டாகப் பிரியும். முன்பாதியில் கடவுளின் நாமம், அவருடைய இராச்சியம், அவருடைய சித்தம். பின்பாதியில் அன்றாட உணவு. அதற்கடுத்து, எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்களையும் பொறுத்துக்கொள்ளும் என்ற வரி.

அம்மா எப்போதும் முன்சொல்பவர். வீட்டில். முகாமில். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகும் வேனில்கூட.

"உன்ர கொம்மா பிஷப்தான். வேற ஆரையும் வாய் திறக்க விடமாட்டா" என்று குழாயடியில் கேலி செய்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பக்தி என்றே நினைத்தேன். டிப்ளமா படிக்கும்போதுதான் ஒருநாள் உறைத்தது. முன்சொல்பவர் அந்த வரியைச் சொல்ல வேண்டியதில்லை. பூசையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது, சரியாக அந்த இடத்தில் அம்மாவுக்கு இருமல் வரும்.

அன்றிலிருந்து அவருக்கும் சேர்த்து நானே சொன்னேன். சத்தமாக.

சென்ற அக்டோபர். செபமாலை மாதம். முகாமில் மாதா சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டுக்காரர் முன்சொல்ல வேண்டும். மறுநாள் அவரே சுரூபத்தை அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போய்க் கொடுக்க வேண்டும். புதிய கான்கிரீட் வீடுகள் குலுக்கலில் கிடைத்தபோது, எங்களுக்கு அடுத்த வீடு சூசை மாமாவுக்கு விழுந்திருந்தது.

செபக்குழுவை நடத்துபவர் ஸ்டெல்லா டீச்சர். வரதராஜன்பேட்டைக்காரர். வாசலில் நின்றே சொன்னார்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மாதா ஒங்க வூட்டுக்கு வருது. சனிக்கிழம பக்கத்து வூட்ல குடுத்துடுங்க. சூசை அண்ணன் இந்த வருசம் தானே முன்சொல்றேன்னு கேட்டுகிட்டாரு."

"அவருக்கு முன்சொல்லத் தெரியுமோ?"

"தெரியலன்னா தப்புத்தப்பா சொல்லட்டும். மாதா என்ன பரீட்சையா வைக்கப் போறாங்க? நீங்களும் ஒருநாளாச்சும் பின்சொல்லுங்க, பிஷப்பம்மா!"

டீச்சருக்கு எதுவும் தெரியாது. சிரித்துக்கொண்டே போனார்.

சனிக்கிழமை மாலை. அம்மா குளித்துவிட்டு நிற்கிறார்.

"நான் தூக்கிட்டுப் போறேன்மா. ஒனக்குத் தலைவலின்னு சொல்லிடறேன்."

"வேண்டாம். மாதாவும் பிள்ளையைப் பறிகுடுத்தவ. அவவ நான்தான் கொண்டுபோவன்."

தூக்கிப் போனார். மாமா வாங்கினார். நிமிர்ந்து பார்க்கவில்லை. நகக்கண்ணில் பச்சை பெயின்ட். எல்லோரும் முழங்காலில் நின்றோம். மாமா தொடங்கினார். குரல் தடுமாறியது. முன்பாதியை முடித்தார். நாங்கள் பின்பாதியை எடுத்தோம். நான் அம்மாவின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றாட உணவுவரை இருந்தது. அதற்கு மேல் இல்லை. இருமலும் இல்லை.

ஆமென் சொல்லியாயிற்று. மாமா அடுத்ததைத் தொடங்கவில்லை.

"அருள் நிறைந்த மரியே..." என்று ஸ்டெல்லா டீச்சர் எடுத்துக் கொடுத்தார்.

அம்மா கேட்டார். சத்தமில்லாமல்தான்.

"அண்டைக்கு உள்ளுக்கு இடம் இருந்ததோ?"

அந்தப் பங்கரை நான் ஆபீசில் ஒருமுறை அளவு போட்டு வரைந்து பார்த்திருக்கிறேன். நீளம். அகலம். உள்ளே இருந்தவர்கள். இடம் இருந்ததா என்பது வரைபடத்தில் தெரியவில்லை. பயந்த மனிதர்கள் எப்படி உட்காருவார்கள் என்பதற்கு அளவு இல்லை. இல்லை என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று அந்த நேரத்தில் வேண்டிக்கொண்டேன்.

"இருந்தது" என்றார் மாமா.

அவர் மகள் முகத்தை மூடிக்கொண்டாள். அன்று அவளும் உள்ளே இருந்தவள், கைக்குழந்தையாக.

"ஒரு பிள்ளைக்கு இருந்தது. நீங்கள் மூண்டு பேரும் வந்தா என்ர பிள்ளை நசிஞ்சுபோகுமெண்டு பயந்திட்டன். யூட்டை இழுத்திருக்கலாம். எட்டுற தூரம்தான்."

அம்மா மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கோ. அடுத்தது."

மாமா சொன்னார். அம்மா பின்சொன்னார். ஒவ்வொரு பரலோக மந்திரத்திலும் அந்த வரியில் நின்றார். ஒவ்வொரு முறையும் மாமா கொஞ்சம் காத்திருந்து, பிறகு மேலே போனார். கடைசியில் அவர் மகள் சுண்டல் கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"இடமில்லைன்னே சொல்லியிருக்கலாமே. பொய்யாவாவது."

"அப்பிடிச் சொல்லியிருந்தா நான் என்னத்தைப் பொறுக்கிறது? இடமில்லாட்டி அந்தாளில குற்றமே இல்லையே."

சுண்டலைத் தட்டில் கொட்டினார். சாப்பிடவில்லை.

"இப்பதான் பொறுக்க ஒண்டு இருக்கு. இப்ப ஏலாமக் கிடக்கு."

அன்றிலிருந்து அம்மா முன்சொல்வதில்லை. எல்லோருக்கும் நடுவில் முழங்காலில் நிற்கிறார். அந்த வரி வரும்போது வாயை மூடிக்கொள்கிறார். ஒளிப்பதில்லை. அவருக்காகச் சொல்வதை நானும் நிறுத்திவிட்டேன். எனக்காக மட்டும் சொல்லிப் பார்க்கிறேன். சில நாள் வருகிறது. சில நாள் வருவதில்லை. குழாயடியில் மாமா நின்றால் அம்மா இப்போது திரும்பி வருவதில்லை. வரிசையில் நிற்கிறார். பேசுவதில்லை.

எங்கள் இழப்பை எழுதிவைக்கிறேன்.

ஓட்டு வீடு, கிணறு, கன்றோடு ஒரு பசு. என் இடது காதின் கேட்கும் திறனில் பாதி. அம்மாவின் சேலைகள் எல்லாம்.

அப்பா யோசேப்பு. சுதந்திரபுரத்தில்.

மேரி மாமி. அவரையும் எங்கள் கணக்கில் சேர்க்கச் சொன்னது அம்மா.

யூட். ஆறு வயது. கல்லறை இல்லை. படம் இல்லை. அவன் முகத்தை அறிந்தவர்கள் இந்த ஊரில் மூன்று பேர். அம்மா. நான். சூசை மாமா.