துள்ளின கால்

இல்லை தர்சன், உங்கட சாமியாரின்ர வீடியோவுக்கு வந்து, சுகமாகிட்டன் எண்டு சொல்ல என்னால ஏலாது. ஓம், கால் துள்ளினதுதான். ஓமந்தைக் கூட்டத்தில முழங்காலுக்குக் கீழ தட்டினார், துள்ளிச்சுது, சனம் கைதட்டிச்சுது. அதுக்கு அருள் வேணுமோ? இந்தா பாரும், நானே தட்டுறன். துள்ளுதே? எனக்கும் ஒரு மாலை போடுமன்.

சிரியாதையும். மூளையில இருந்து முள்ளந்தண்டுக்குள்ள இறங்கிறது ஒரு நரம்பு. அது கட்டளையைக் குடுக்க, அங்கயிருந்து வேற நரம்பு காலுக்குப் போய்த் தசையை இழுக்கும். அக்கராயனில நாங்கள் ஏறிவந்த உழவு மெசின் பிரண்ட அண்டு எனக்கு அறுந்தது மேல் நரம்பு. கீழ் நரம்பு உயிரோட கிடக்கு. தட்டினா, சேதி முள்ளந்தண்டு மட்டும் போய் அப்பிடியே திரும்பும். மூளைக்கு ஒண்டும் தெரியாது. அடக்கிறதுக்கு மேல ஆளில்லை, அதால உம்மட காலை விடக் கூடத் துள்ளும். ஆஸ்பத்திரியில ஒரு நேர்ஸ் மிஸ் ரெண்டு நிமிசத்தில விளங்கப்படுத்தினவா. உங்கட மண்டையளுக்கு ஏறேல்லை.

சரி, சிற்றம்பலத்தாரை ஏன் மேடையால இறக்கினனீங்கள்? அதே மெசினில வந்த மனிசன். அவர் கெஞ்சினபடியாத்தான் நானும் துணைக்கு வந்தனான். அவருக்குப் போனது கைக்குப் போற கீழ் நரம்பு, கழுத்தடியில பிடுங்குப்பட்டது. கை ஈரத்துணி மாதிரித் தொங்குது, சதையெல்லாம் வத்திப்போச்சு. எதால தட்டினாலும் அசையாது. உங்கட ஆள் தடவிப் பாத்திட்டு, உனக்கு நம்பிக்கை காணாது எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னார். மனிசன் வீட்ட வந்து, நான் என்ன பாவம் செய்தனான் எண்டு கேட்டுக் கேட்டு அழுதது. தூ, வெக்கமில்லையே?

என்ன? பொய்யெண்டாலும் சனத்துக்கு ஆறுதலோ?

அந்தக் கதையை என்னட்டக் கதையாதையும். என்ர மனிசி சிவரூபி வவுனியா ஆஸ்பத்திரியில கடைசியாக் கிடக்கேக்க, என்னை ஆர் பாக்கிறது எண்டதுதான் அவாவுக்குக் கவலை. நான் சக்கரக் கதிரையில பக்கத்தில இருந்தனான். அவா காணாமல், உடுத்திருந்த சாரத்துக்கு மேலால முழங்காலடியில ஒரு தட்டுத் தட்டினன். கால் எழும்பிச்சுது. இஞ்ச பாருமப்பா, எனக்குக் கால் வருது, இனி நடந்திடுவன் எண்டன். எத்தினை நாளைக்குப் பிறகு சிரிச்சா தெரியுமே? இன்னொருக்கா எண்டா. தட்டினன். பிறகும் இன்னொருக்கா எண்டா.

கண் மூடுமட்டும் தட்டிக்கொண்டுதான் இருந்தனான்.