ராக்கம்மா காட்டிய ஆறு விரல்கள்

என் பெயர் ஆம்புரோஸ். தகப்பனார் பெயர் அந்தோணிமுத்து. வயது நாற்பத்தொன்று. கெமாஸுக்கு அடுத்த மெங்குவாங் ரப்பர் தோட்டத்தில் டிரைவர் வேலை. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மனைவி மார்த்தாவோடு குடியிருக்கிறேன். மதம் கிறிஸ்துவம். வேதத்தைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு இதைத் தமிழில் சொல்கிறேன். 1953ஆம் வருடம் டிசம்பர் மாதம், எங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் ராக்கம்மா கைதானது சம்பந்தமாக நான் கண்டதையும் கேட்டதையும் சொல்கிறேன். நான் நினைத்ததைச் சொல்லும் இடத்தில் அது என் நினைப்பு என்றே சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்து லேண்ட்ரோவரை ஓட்டுவது நான். தினமும் காலையில் வெட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு, மெங்குவாங் ஆற்றைக் கடந்து இரண்டாம் டிவிஷனில் இறக்கிவிட்டு, மதியம் அவர்களையும் பாலையும் ஏற்றித் திரும்புவேன். பாலத்தைக் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் எரித்த பிறகு வண்டி தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் என்ஜின் வரை வரும். அப்போது கரையிலேயே நிறுத்திக் காற்றாடி பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றாடி தண்ணீரை வாரி என்ஜின் மேல் அடித்து, வண்டியை நடு ஆற்றில் நிறுத்திவிடும். பிறகு முன்பக்கம் கித்தான் கட்டி, சின்ன கியரில், ஒரே வேகத்தில் போக வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது அந்த ஆற்றில் இறங்கினால்தான் விளங்கும்.

ராக்கம்மாவின் கணவர் ஆறுமுகம், இரண்டாம் டிவிஷனில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகையில் நெருப்புப் பார்க்கும் வேலை செய்தார். கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று, லயத்து முள்வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோகவும் அவசரகாலச் சட்டம் இடம் கொடுக்காததால், அவரும் மதியம் என் வண்டியில் லயத்துக்கு வந்துதான் சாப்பிடுவார். கைதுக்கு முந்தின நாள் வெள்ளம் திடீரென்று ஏறியதால், வெட்டு ஆட்களை அவசரமாக ஏற்றி வந்தேன். நெருப்பைப் பாதியில் விட்டு வர முடியாது என்று ஆறுமுகம் தங்கிவிட்டார். அதன் பிறகு அன்று முழுவதும் வண்டி இறங்கும்படி ஆறு இல்லை.

மறுநாள் காலை மழை சற்றுக் குறைந்ததும், கொட்டகையைப் பார்த்துவிட்டு ஆறுமுகத்தை அழைத்து வரும்படி தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி சொன்னார். நான் வண்டியை எடுக்கும்போது ராக்கம்மா தூக்குச்சட்டியோடு வந்து ஏறினாள். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். சோறு கொண்டுபோகக் கூடாது என்று சொன்னேன். நேற்றிலிருந்து பட்டினி கிடக்கிற ஆளுக்குச் சட்டம் வந்து வயிற்றை நிரப்புமா என்று கேட்டாள். நான் வண்டியைக் கிளப்பினேன். கேட்டில் இருந்த காவலர் மழைக்கு ஒதுங்கி நின்று, தெரிந்த வண்டிதானே என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு கரையில் பெல்ட்டைக் கழற்றி, கித்தான் கட்டி, ஆற்றில் இறங்கினேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் கட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தது. நடுவில் வண்டி ஒரு பக்கமாக நகர்ந்தது. பெடலை மிதித்த காலை நான் எடுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொள்ளும்படி ராக்கம்மாவிடம் கத்தினேன். அவள் இரண்டு கைகளாலும் தூக்குச்சட்டியைத் தலைக்கு மேலே பிடித்திருந்தாள். அக்கரை ஏறியதும், காட்டிலிருந்து வெளியே வந்த போலீஸ் ரோந்துப் படை, ஒரு கார்ப்பரலும் மூன்று பேரும், வண்டியை நிறுத்தினார்கள்.

நான் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, யாருக்குச் சோறு என்று கார்ப்பரல் மலாயில் ராக்கம்மாவைக் கேட்டார். அவளுடைய மலாய் பசாரில் கற்றது. “டியா ஓராங் மாக்கான்” என்றாள். மலாயில் மாக்கான் என்றால் சாப்பிடுவது, டியா என்றால் அவன். கட்டின புருஷனை அவன் இவன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தமிழில் அவங்க என்பதுபோல், மரியாதைக்கு ஓராங் சேர்த்துக்கொண்டாள். சேர்த்ததும் ஓர் ஆள் பல ஆளாகிவிட்டது. யார் அவர்கள், பெயரைச் சொல் என்றார் கார்ப்பரல். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. வேதக்காரியான மார்த்தாவே என்னை இந்தாங்க என்றுதான் கூப்பிடுகிறாள். ராக்கம்மா வாயைத் திறக்காமல், லயத்துப் பெண்கள் செய்கிறபடி, ஆறு விரல்களைக் காட்டிவிட்டு முகத்தைத் தொட்டாள். ஆறு, முகம். தமிழ்க் குழந்தைக்கும் விளங்கும். கார்ப்பரலுக்கு ஆறு பேர் என்று விளங்கியது.

நான் ஓடிப்போய், அது ஒரே ஆள், அவள் புருஷன், பெயர் ஆறுமுகம், கொட்டகை பக்கத்தில்தான், வந்து பாருங்கள் என்று மலாயில் சொன்னேன். நீ எடுத்துக் கொடுக்காதே, அவளே சொல்லட்டும் என்றார். அவளிடம், “தங்கச்சி, பேரச் சொல்லிடு லா, ஒரு வாட்டி சொன்னா ஒன்னும் ஆவாது” என்றேன். அவள் மறுபடியும் ஆறு விரல்களைக் காட்டினாள். அந்தத் தூக்குச்சட்டிச் சோறு ஆறு பேருக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றும் சொல்லிப் பார்த்தேன். கார்ப்பரலை நான் குறை சொல்லவில்லை. கொட்டகைப் பாதைக்கு இருபுறமும் காடு. ஆறு பேர் துப்பாக்கியோடு இருப்பதாக நம்புகிறவர் அங்கே எப்படிப் போவார்? ராக்கம்மாவைக் கைது செய்து, வண்டியைத் திருப்பச் சொன்னார். மறுபடியும் பெல்ட்டைக் கழற்றி அதே தண்ணீரில் இறங்கினேன். என் வண்டிச் சத்தம் கொட்டகை வரை கேட்கும். அது வந்ததையும் திரும்பிப் போனதையும் ஆறுமுகம் கேட்டிருப்பார்.

பின்னர் போலீசார் போய்ப் பார்த்தபோது கொட்டகையில் ஆள் இல்லை. ஆறுமுகமும் காட்டுக்குள் ஓடிவிட்டார் என்று பேச்சு வந்தது. நான் லாக்கப்பில் ராக்கம்மாவைப் பார்த்தேன். கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போட்டதாக வழக்கு, பல வருடம் சிறை, இல்லையென்றால் கண்ணால் கண்டிராத இந்தியாவுக்குக் கப்பல் என்று எடுத்துச் சொல்லி, பெயரைச் சொல்லும்படி கெஞ்சினேன். அவள், “அவங்களக் காணோம்னு எல்லாரும் தேடுறாங்கண்ணே. இந்த நேரத்துல போயி நான் பேரச் சொல்லவா? எத்தன வருசம்னாலும் உள்ள கெடக்கிறேன்” என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. வெளியே வந்து வண்டியில் ஏறியதும் அழுதேன்.

இன்று காலை வெட்டு ஆட்களோடு ஆற்றைக் கடக்கும்போது, வடிந்த தண்ணீரில், சாய்ந்து கிடந்த மரத்தின் வேரில் ஆறுமுகத்தின் உடலைக் கண்டேன். நாங்களே தூக்கிக் கரையில் கிடத்தினோம். போலீசாருக்கு அடையாளம் சொன்னது நான்தான். வண்டி திரும்பிப் போனதும், இனி வராது என்று தாமே ஆற்றில் இறங்கியிருப்பார். இது என் நினைப்பு. அவர் காட்டுக்குப் போனவர் அல்ல. அந்தச் சோறு அவர் ஒருவருக்குத்தான்.

ராக்கம்மாவை விட்டுவிடலாம் என்றும், அதற்கு முன் அவள் தன் வாயால் கணவர் பெயரைச் சொல்லிக் கைநாட்டு வைக்க வேண்டும் என்றும் இன்ஸ்பெக்டர் சொன்னார். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இங்கிருந்து நேரே போய் அவளிடம் சொல்ல வேண்டியவன் நான். அதுவரை யாரும் அவளிடம் பெயர் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்ன பிறகு கேளுங்கள். சொல்லிவிடுவாள்.

இதில் கண்டதெல்லாம் நான் சொன்னபடியே எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டியும் சொல்லவில்லை, மறைத்தும் சொல்லவில்லை. சத்தியமாக உண்மை.

(ஒப்பம்) அ. ஆம்புரோஸ்