தனியாகக் கட்டிய கல்வேலி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு வைகாசிச் செவ்வாய்க்கிழமை. ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போன பாய்வள்ளத்தில், மனைவியை இழந்த தம்பியைப் பார்க்கப் போன ஒருத்தியிடம் அவனுடைய அயல்காரி சொன்னாள்:

“அக்கா, உங்கடை தம்பி கட்டின கல்வேலியை நாங்கள் எல்லாருமாய் இடிச்சுப்போட்டம்.”

“ஐயோ! அவன் என்ன பிழை செய்தவன்?”

“ஒருத்தரையும் கூப்பிடாமல் தனியக் கட்டினவர். எங்கடை ஊரிலை ஆர் அப்பிடிக் கட்டிறது? மனிசி செத்ததிலையிருந்து ஒருத்தரோடையும் கதையில்லை.”

“ஏசினவனே?”

“நல்லாய் ஏசினவர். நாங்கள் வாய் திறக்காமல் திரும்ப அடுக்கினம். கொஞ்ச நேரத்தாலை, ‘கல்லு அப்பிடி வைக்கிறேல்லையடா’ எண்டு என்ரை மனிசனைத் தள்ளிப்போட்டுத் தானும் அடுக்கினார்.”

“பிறகு?”

“மத்தியானம் எல்லாரோடையும் இருந்து கூழ் குடிச்சவர். ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவர்.”

அக்கா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“இடிக்க இன்னும் ஏதும் மிச்சம் கிடக்கே? நானும் வாறன்.”