நிலுவையில் ஒரு சத்தியம்

உங்கள் செருப்பு வாருக்கு மேலே ஓர் அட்டை ஏறிக்கொண்டிருக்கிறது, சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் முதல் கேள்வியைக் கேட்டீர்கள். சொல்லவில்லை. மழைக்காலத்தில் மலைக்கு வருகிறவர்களுக்கு நடப்பதுதான். ரத்தத்தைக் குடித்து முடித்ததும் தானாக விழுந்துவிடும். குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில், நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், ராதிகா மேடம். எழுதுகிறேன்.

என் பெயர் சுமித்ரா. செம்மேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ‘மலைமேல் சேதி’ என்ற ஃபேஸ்புக் குழுவை எட்டு வருடமாக நடத்துகிறேன். பதினோராயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த பஸ் வரவில்லை, எந்த வளைவில் மண் சரிந்தது, மிளகு என்ன விலை என்று திருப்பூரில் வேலை செய்கிறவர்கள்கூட அதில்தான் பார்ப்பார்கள். யார் பதிவு போட்டாலும் நான் அனுமதித்த பிறகே வெளியே தெரியும். விதிகள் நான்கு. முதல் விதி, யார் வாயையும் மூடக்கூடாது. நான்காவது, சாமி, சாதி, கட்சி வீடியோ கூடாது. நடுவில் உள்ள இரண்டும் விளம்பரம் பற்றியவை.

வைகாசியில் திண்ணனூர் நாட்டில், சில ஊர்கள் சேர்ந்ததை இங்கே நாடு என்போம், மாதம்மாள் என்பவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண்ணுக்குப் பதினாறு வயது. முகூர்த்தத்தன்று காலையில் அதிகாரிகள் ஜீப்பில் வந்து நிறுத்தி, பெண்ணை நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனார்கள். யாரோ போன் செய்து சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் பெயர் தெரியாத ஒரு கணக்கிலிருந்து சண்முகப்பிரியாவின் படம் வந்தது. சுகாதார நிலையத்துக்காக வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளின் பெயரை எழுதுகிற பெண். அந்த ஊர் மருமகள். கையில் ஏழு மாதக் குழந்தை. “இவதான் போன் போட்டவ” என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. அனுமதித்தேன்.

“ஊரு சோத்தத் தின்னுட்டு ஊரையே காட்டிக் குடுத்திருக்கா பாருங்க.”

“கலெக்டரம்மா வாராங்க, வழி உடுங்கப்பா.”

“அவ ஊட்டுப் பக்கம் தண்ணி உடாதீங்க.”

ஒருவர் அவளுடைய போன் நம்பரைப் போட்டார். இன்னொருவர் அவள் எத்தனை மணிக்கு எந்த வழியாக வண்டியில் திரும்புவாள் என்று போட்டார். கெட்ட வார்த்தை இருந்த மூன்றை மட்டும் நீக்கினேன். மற்றவை கருத்துகள். எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லி அவள் எனக்கு எழுதினாள். படித்தேன்.

பிறகு வெள்ளையன் என்பவர், “பண்ணலீன்னா கற்பூரத்த அணைக்கச் சொல்லுங்க” என்று எழுதினார். எண்ணூறு பேர் அதற்கு விருப்பம் போட்டார்கள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தவரை அதற்கு மேல் யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். சொன்னால் சாமி சொன்னவர் பக்கம் திரும்பிவிடும் என்று பயம்.

அன்று சாயங்காலமே அவள் வீடியோ அனுப்பினாள். நாற்பத்தோரு விநாடி. துணைக்கு யாரும் வரவில்லைபோல. போனைக் கோயில் படியில் சாய்த்துவைத்துத் தானே எடுத்திருக்கிறாள். “நான் போன் போடல சாமி, எங்கொழந்த மேல சத்தியம்” என்று உள்ளங்கையைத் தீயின் மேல் வைத்து அழுத்துகிறாள். அணைந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

அது சாமி வீடியோ. நான்காவது விதி. அனுமதிக்கவில்லை. நிராகரித்தால் காரணம் கேட்பாள் என்பதால் நிராகரிக்கவும் இல்லை. பதினோரு முறை அனுப்பினாள். பிறகு திருப்பூரிலிருந்து வந்த அவள் கணவன் போனைப் பாறையில் அடித்து உடைத்துவிட்டான். இப்போது அது என் நிலுவைப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

“சத்தியத்துக்குக் கூப்புட்டா ஆளையே காணோமுங்க” என்று ஒரு பதிவு வந்தது. அதை அனுமதித்தேன். அந்த வாரமே ஊர் கூடி, அவள் எல்லைக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்தது. குழந்தையை வைத்துக்கொண்டு அவளை மட்டும் பேளுக்குறிச்சிக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். சத்தியம் செய்ததைக் காட்டினால் பிள்ளையைத் தருவதாக மாமனார் சொல்லியிருக்கிறார்.

அவள் அம்மா பாப்பாயி பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்த தமிழ்செல்வன், “ஏனுங்க, சி.ஐ.டி.யோட அம்மா வந்துட்டாங்க, யாரும் வாயத் தொறந்துறாதீங்க” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அம்மா அவர்களைப் பார்க்கவே இல்லை.

“பால் கட்டிக்கிட்டுப் புள்ள காச்சல்ல கெடக்குது கண்ணு. அங்க கொழந்த புட்டிப்பாலக் குடிக்கமாட்டீங்குதாம். அந்த ஒண்ண மட்டும் போட்டுவுடு சாமி.”

“பாக்கறேனுங்கம்மா” என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். கடைசி பஸ் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்டீர்கள். கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் பார்த்தேன். எனக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்க்கத்தான். முப்பதாவது விநாடியில் அவளுக்குப் பின்னால் ஒரு கோழி கடந்துபோகிறது. இப்போதெல்லாம் அந்தக் கோழியைத்தான் பார்க்கிறேன்.

போன் செய்தது நான். மாதம்மாளின் கணவர் மகளுடைய ஆதாரை நகலெடுக்க வந்தபோது பிறந்த வருடத்தைப் பார்த்தேன். எனக்கும் பதினாறில்தான் நடந்தது. கடைக்குப் பின்னால் போய் நின்று போன் செய்தேன். சொன்னவர் பெயர் வெளியே வராது என்றார்கள். வரவில்லை. அந்தப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பிரியா இல்லை என்றாகிவிட்டால், அடுத்து யார் என்று தேடுவார்கள். அந்த ஆதாரைப் பார்த்தவர்கள் அதிகம் இல்லை. தவறு செய்யாதவளுக்கு மனசாட்சி சுத்தமாக இருக்கும், அவளால் தாங்க முடியும் என்று நினைத்தேன். என்னால் முடிந்திருக்காது.

நான் போன் செய்ததைச் சட்டப்படி நீங்கள் வெளியே சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதினேன்.

இந்த வீடியோவை இப்போதே அனுமதித்துவிடுங்கள், இன்றைக்கே குழந்தை தாயிடம் போய்விடும் என்று சொல்லி, மேசையில் இருந்த என் போனை என் பக்கம் நகர்த்தினீர்கள். என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், இந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறேன். அதை மட்டும் செய்ய மாட்டேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பூட்டு எண்ணையும் சொல்லப்போவதில்லை.

என்னைத் தப்பாக எழுதிக்கொள்ளாதீர்கள். இந்த மலையில் ஆரம்பத்திலிருந்தே அவளை நம்புகிற ஒரே ஆள் நான்தான்.